எட்டில் ஒரு விநாடி

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டு, பத்திரமாகத் தரையிறங்கியது. பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவைத்த தஞ்சாவூர், மன்னார்குடிக்காரர்கள் பலருக்கு அந்த மாலை நினைவிருக்கும். போயிங் 737-இல் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வழியில்லை. பறந்து பறந்துதான் அதைத் தீர்த்து, எடையைக் குறைக்க வேண்டும்.

எடைக்கு ஏன் இந்தக் கவலை? அனுமதித்த தரையிறங்கு எடைக்குள் இருந்தால், விநாடிக்கு 10 அடி வேகத்தில் கீழிறங்கித் தரையில் மோதினாலும் விமானம் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. முழு டாங்கோடு, கிளம்பும் எடையிலேயே இறங்கினால் 6 அடிக்குத்தான் உத்தரவாதம்.

சரி, ஒரு விமானம் தடாலென்று இறங்கிவிட்டது, அடி எவ்வளவு? கருப்புப் பெட்டியைக் கேட்கலாம் (ஆரஞ்சு நிறப் பெட்டிக்கு இந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது). அது செங்குத்து முடுக்கத்தைப் பதிவுசெய்கிறது. ஆனால் பல விமானங்களில் விநாடிக்கு 8 முறைதான். மணிக்கு 240 கிலோமீட்டரில் ஓடும் விமானம் இரண்டு பதிவுகளுக்கு நடுவே 8 மீட்டர் கடந்துவிடும். அடியின் உச்சம் அந்த இடைவெளியில் எழுந்து அடங்கிவிடலாம். கல்லணையில் காலையும் மாலையும் மட்டும் நீர்மட்டம் குறித்தால், நள்ளிரவில் வந்துபோன வெள்ளத்தின் உச்சம் ஏட்டில் ஏறுமா? ஆகவேதான் 737-க்கு, விநாடிக்கு 8 பதிவு என்றால் 2.1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 2.1 மடங்கு), 16 பதிவு என்றால் 2.2 ஜி என்று சோதனைக்கான வரம்பையே போயிங் மாற்றிவைத்திருக்கிறது. விமானம் ஒன்றே, அடியும் ஒன்றே. எண்ணும் வேகம்தான் வேறு.

முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கும் இடம் இன்னொரு சிக்கல். அது விமானத்தின் எடைமையத்தை ஒட்டி, வயிற்றுப் பகுதியில் இருக்கிறது. ஒருபக்கம் சாய்ந்து இறங்கி ஒற்றைச் சக்கரக்கால் முழு அடியையும் வாங்கினாலும் அதற்குத் தெரிவது சராசரி ஆட்டம்தான். பின்சக்கரங்கள் பதமாகத் தொட்டபின் மூக்குச் சக்கரம் ஓங்கி விழுந்தால், முன்பக்கத் தகடு சுருங்கும் அளவுக்குச் சேதம் நேர்ந்தும் பெட்டியிலுள்ள எண் சாதுவாக இருக்கக்கூடும்.

அதனால் இன்றும் முதல் சாட்சி விமானிதான். பதிவான எண் வரம்புக்குள் இருந்தாலும், பலமாக இறங்கியது என்று அவர் எழுதிவிட்டால், மெக்கானிக்குகள் டார்ச்சோடு அடியில் நுழைந்து டயர், சக்கரக்கால், இறக்கையின் அடிப்பகுதி, எரிபொருள் கசிவு எல்லாம் பார்த்து முடிக்கும்வரை விமானம் கிளம்பாது.