சேர்வராயன் செம்மண்ணும் லண்டன் விலையும்

ஏற்காடு லேடீஸ் சீட்டில் பனிமூட்டம் விலகிய நாளில் தொலைநோக்கியை மேற்கே திருப்பினால் மேட்டூர் அணை தெரியும். பார்ப்பவர்கள் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கப் போய்விடுகிறார்கள். இந்த மலையிலிருந்து அந்த ஊருக்குப் பல்லாண்டு காலம் செம்மண் போனது. வெறும் மண்ணல்ல, பாக்சைட்.

சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி மேசைபோலத் தட்டையாக இருக்கிறதே, அதன் மேற்பரப்பே பாக்சைட்தான். மழையில் ஊறி ஊறிச் சார்னோகைட் பாறையின் சிலிக்கா கரைந்துபோக, அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. கோயிலுக்குப் போய்வந்தால் செருப்பில் ஒட்டியிருக்கும் சிவப்பு அதுதான். அதை வெட்டி, 1960களில் இத்தாலியின் மாண்டிகாட்டினி நிறுவனக் கூட்டுறவுடன் வந்த மால்கோ நிறுவனம், மேட்டூரில் அலுமினியம் ஆக்கியது.

அலுமினியத்தின் தாய்ப்பால் மின்சாரம். ஒரு டன் எடுக்க 14,000 யூனிட்டுக்கு மேல் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது கிட்டத்தட்ட 12 வருஷக் கரண்ட். மால்கோ தொடங்கிய காலத்தில் மாநிலத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணைகளிலிருந்து வந்தது. 1991க்குப் பிறகு கதை மாறியது. அப்போது 150 சதவீதமாக இருந்த உச்ச சுங்கவரி, 2007இல் 10 சதவீதத்துக்கு இறங்கியது. உள்ளூர் உலோகத்தின் விலையையும் லண்டன் உலோகச் சந்தைதான் சொல்லும் என்றான பிறகு, உருக்காலைக்குக் குறைத்துப் பார்க்க மிச்சமிருந்த பெரிய செலவு மின்சாரம். 1999இல் மால்கோ சொந்தமாக அனல் மின்நிலையம் ஓட்ட ஆரம்பித்தது. பின்னர் அது 100 மெகாவாட் ஆனது. போட்டி வந்தால் எரிபொருள் சுத்தமாகும் என்று பாடப்புத்தகம் சொல்லலாம். இங்கே வந்தது நிலக்கரி.

2008 ஜூலையில் டன்னுக்கு 3,300 டாலரைத் தாண்டிய அலுமினியம், அந்த வருஷம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. மேட்டூர் உருக்காலை மூடியது. மலையில் வெட்டுவதும் நின்றது. விசித்திரம் என்னவென்றால், நிலக்கரி நிற்கவில்லை. உலோகமாகப் போன மின்சாரம் இப்போது மின்சாரமாகவே விற்பனைக்குப் போனது. 2017 மே மாதம்தான் அந்த மின்நிலையமும் ஓய்ந்தது.

ஏற்காட்டுக்காரர்களிடம் தாராள வர்த்தகம் என்று பேச்செடுத்தால் அலுமினியம் வராது, மிளகு வரும். காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய கொடிகள்தான் பல தோட்டங்களுக்குக் கைச்செலவு. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-ஆசியான் ஒப்பந்தம் காப்பிக்கும் மிளகுக்கும் கொஞ்சம் கருணை காட்டியது: காப்பி வரி 100இலிருந்து 45 சதவீதமாகவும், மிளகு வரி 70இலிருந்து 50 ஆகவும் பத்தாண்டில் படிப்படியாக இறங்கட்டும் என்றது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாகவும் வருகிறது என்ற புகாருக்குப் பிறகு 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். அதே ஒப்பந்தத்தில் இந்தோனேசிய நிலக்கரிக்குச் சுங்கவரி பூஜ்யம். மிளகுக்காகச் சண்டை போட்ட யாரும் இந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை.

வெயிலுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் இறக்குமதி சூரிய மின்தகடுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் வரி விழுந்தது. பெரும்பாலும் சீனச் சரக்குதான் குறி. உள்நாட்டுத் தொழிற்சாலை வளரவேண்டும் என்பது நியாயமான ஆசை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடல்கடந்து வரும் கரிக்குத் திறந்த கதவும் வெயில் தகடுக்குச் சுங்கச்சாவடியுமாக ஒரே துறைமுகம் இருப்பதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. தேசிய சோலார் திட்டத்தில் உள்நாட்டுச் செல்தான் வேண்டும் என்ற நிபந்தனை, அமெரிக்கா தொடுத்த வழக்கில் உலக வர்த்தக அமைப்பில் 2016இல் தோற்றது. அது இப்போது மானியத்தின் வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஏற்காட்டில் ஒரு வீட்டுக் கூரைக்கு இன்று கொட்டேஷன் கேட்டால் இரண்டு விலை வரும்: டிசிஆர், நான்-டிசிஆர். முன்னது இந்தியச் செல், விலை கூடுதல். ஆனால் 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கான 78,000 ரூபாய் மானியம் அதற்கு மட்டும்தான். பேனாவை எடுத்துக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதையே டிக் அடிக்கிறார்கள்.