வானொலி அலையால் பறக்கும் மாதிரி விமானம்

திறந்த திடலில் ஒருவர் சிறு பெட்டி ஒன்றைக் கையில் ஏந்தி நிற்கிறார். அவர் தலைக்கு மேலே மாதிரி விமானம் ஒன்று வட்டமிடுகிறது. காண்போர் அதனைச் சிறுவர் விளையாட்டுப் பொருள் என்றே எண்ணுவர். ஆயின், மரத்துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி அதனை உருவாக்கியவருக்கோ அது பல வார உழைப்பின் பயன். அவ்வுழைப்பு நிலைக்குமா, முதல் நாளிலேயே நொறுங்குமா என்பது பெரும்பாலும் வீட்டு மேசைமீதே முடிவாகிவிடுகிறது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரட்டையர் தொடங்கிய கலை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்னும் நகர் உள்ளது. அங்கு வாழ்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937ஆம் ஆண்டில் ‘கஃப்’ எனப் பெயரிட்ட மாதிரி விமானத்தை வானொலி அலைகொண்டு செலுத்திக் காட்டினர். விமானத்தை வால்ட்டரும் வானொலிக் கருவியை வில்லியமும் அமைத்தனர். மறு ஆண்டு நடைபெற்ற அமெரிக்கத் தேசியப் போட்டியில் அதுவே வென்றது. இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது.

அக்காலத்தில் ஆர்வலர்கள் கருவியையும் தாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. இன்று வானொலிக் கருவிகள் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. விமானத்தின் உறுப்புகள் அளவாக வெட்டப்பெற்று, முழு அளவு வரைபடத்துடன் ஒரு பெட்டியில் வருகின்றன. எனினும், அவற்றைப் பிழையின்றி இணைக்கும் பொறுப்பு வாங்கியவருடையதே.

பால்சா மரம்

அவ்வுறுப்புகளில் மிகுதியானவை பால்சா மரத்தால் ஆனவை. தென் அமெரிக்காவுக்குரிய இம்மரம் நாம் அறிந்த இலவ மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோ எடையுள்ளது. அதே அளவு பால்சாவோ ஏறக்குறைய 100 முதல் 250 கிலோ வரையே இருக்கும். ஒரே பெட்டியிலுள்ள பலகைகளிலும் சில கனமாகவும் சில இலேசாகவும் இருப்பதுண்டு. அனுபவமுள்ளவர் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து, இலேசானவற்றை வால் பகுதிக்கு ஒதுக்கிவைப்பர். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

இறக்கையை அமைத்தல்

முதலில் சமதளமான பலகைமீது வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன்மேல் மெழுகுத்தாள் பரப்பவேண்டும். இறக்கையின் முதுகெலும்பு போன்ற நீளச் சட்டத்தை வரைபடக் கோட்டின்மேல் குண்டூசிகளால் நிறுத்திவைத்து, விலா எலும்புகள் போன்ற குறுக்குத் துண்டுகளை அதன்மேல் வரிசையாக ஒட்டுவர். ஒவ்வொரு துண்டும் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தல் நலம். பின்னர் மேற்சட்டம், முன்விளிம்பு, பின்விளிம்பு ஆகியவை சேரும். பசை நன்கு இறுகுமுன் பலகையிலிருந்து எடுப்பது பெரும் தவறு, இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

முறுக்கினால் என்ன? ஓர் இறக்கையின் பின்விளிம்பு சற்றே கீழ்நோக்கித் திரும்பியிருப்பின், அப்பக்கம் காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்தித்து அதிகத் தூக்குவிசை பெறும். விமானம் ஓயாமல் மறுபக்கம் சாயும். மேசைமீது கண்ணுக்குத் தெரியாத கோணல், வானத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது.

பழகுவோருக்கான விமானங்களில் இரண்டு இறக்கைகளும் நுனி சற்று உயர்ந்திருக்கும்படி நடுவில் இணைக்கப்படுகின்றன. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அப்பக்கமாகவே சறுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்தித்து மேலெழும். விமானம் தானே நிமிரும். கற்பவரின் கை தடுமாறும்போது அவரைக் காப்பது இவ்வமைப்பே.

ஈர்ப்பு மையம்

உடலும் வாலும் இறக்கையும் கூடியபின், மெல்லிய படலம் போர்த்தி, வெப்பத்தால் இறுக்குவர். அடுத்து, மின்கலம் உட்பட அனைத்தையும் பொருத்தி, விமானத்தின் ஈர்ப்பு மையத்தைக் காணவேண்டும். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் அது இறக்கை அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அமையும். அகலம் 30 செண்டிமீட்டராயின், முன்விளிம்பிலிருந்து 7.5 முதல் 10 செண்டிமீட்டருக்குள் என்பது பொருள். வரைபடம் காட்டும் இடத்தில் இரு விரல்களால் தாங்கினால், விமானம் மட்டமாகவோ மூக்குச் சிறிது தாழ்ந்தோ நிற்கவேண்டும்.

மூக்குக் கனத்த விமானம் மந்தமாகவேனும் பறக்கும். வால் கனத்த விமானமோ கட்டளைக்கு அடங்காமல் துள்ளி விழும். வால் கனத்தால் மூக்கில் ஈயத்துண்டு சேர்ப்பர். ஆனால் நெம்புகோல் விதி இங்கு இரக்கமின்றி வேலை செய்கிறது. வால் 60 செண்டிமீட்டர் தொலைவிலும் மூக்கு 20 செண்டிமீட்டர் தொலைவிலும் இருப்பின், வாலில் மிகுந்த ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் வேண்டும். வாலுக்கு இலேசான பலகையை ஒதுக்கியதன் காரணம் இதுவே. வகுப்பறையில் இவ்விதியைக் கற்பிக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இறுதிச் சோதனை

செலுத்துபவர் கையிலுள்ள பெட்டி அனுப்பும் கட்டளையை விமானத்திலுள்ள கருவி வாங்கி, ‘சர்வோ’ எனப்படும் சிறு மின்பொறிகளுக்குத் தருகிறது. அக்கட்டளை மிகச் சிறிய மின்துடிப்பாக அமைவது வழக்கம். துடிப்பு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நொடி நீடித்தால் சர்வோ நடுவில் நிற்கும். குறைந்தால் ஒருபுறமும் கூடினால் மறுபுறமும் திரும்பும். அது கம்பியால் தகடுகளை அசைக்கிறது.

சர்வோவை மாற்றிப் பொருத்தினால் கட்டளையும் தலைகீழாகும். முதற் பறத்தலில் விமானங்கள் விழுவதற்கு இது நன்கறிந்த காரணங்களுள் ஒன்று. மூக்கைத் தம்மை நோக்கி வைத்துச் சோதிப்பவர் இடம் வலம் மயங்குவது இயல்பு. ஆதலின், வாலுக்குப் பின்னால் நின்றே பார்க்கவேண்டும். கோலை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கையின் பின்தகடு மேலேயும் இட இறக்கையின் பின்தகடு கீழேயும் செல்லவேண்டும். சுக்கான் வலப்பக்கம் திரும்பவேண்டும். கோலைத் தம்பக்கம் இழுத்தால் வால் தகடு உயரவேண்டும். இச்சோதனை முடியும்வரை காற்றாடியைக் கழற்றிவைப்பது கட்டாயம். திடீரெனச் சுழலும் காற்றாடி விரலை வெட்டிவிடும்.

அமெரிக்கரான மேனார்டு ஹில் தம் குழுவினருடன் 5 கிலோவுக்கும் குறைந்த எடையில் பால்சாவால் செய்த விமானம், 2003 ஆகஸ்டு மாதத்தில் நியூபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து 38 மணி 52 நிமிடத்தில் அயர்லாந்தில் இறங்கியது. நடுக்கடலில் அதனைத் தானியங்கிக் கருவியே செலுத்தியது. அதன் பெயர் ‘டாம் 5’. முன்னர் அனுப்பிய விமானங்கள் கடலைக் கடக்கவில்லை. ஹில்லுக்கு அப்போது வயது 77; கண்பார்வையும் பெரிதும் மங்கியிருந்தது.

பறக்கும்போது திருத்த இயலாத பிழைகளை மேசைமீதே தேடித் திருத்துவதுதான் இக்கலையின் அடிப்படை. பொறுமையுடன் அளந்து, நிறுத்து, மீண்டும் சரிபார்க்கும் பழக்கத்தை மாணவர் கைகளுக்குக் கற்பிக்க இச்சிறு மரப்பெட்டி ஒன்றே போதும்.