தெமோதரையில் ஒரு வாடகை வீடு: 89 இலட்சத்தின் கணக்கு

கொழும்பில் கடை நடத்துபவர்களும் வளைகுடாவில் உழைத்துத் திரும்புபவர்களும் ஊர்ப்பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறார்கள். மாதம் 30,000 ரூபா வந்தால் போதும் என்பது அவர்களின் எண்ணம். அந்த 30,000இல் எவ்வளவு கையில் நிற்கும்? சட்டமும் வரியும் சொல்லும் வீதங்களை அப்படியே எடுத்திருக்கிறேன். விலை, வாடகை, திருத்தச் செலவு, வட்டி ஆகியவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் வீட்டின் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலில் காணி

பதுளை மாவட்டத்திலுள்ள தெமோதரையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் நிலத்தில் பெரும்பகுதி விற்பனைக்கு உரியதல்ல. 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைக்குப் போன தோட்டக் காணி அது. லயக் காம்பராவை ஒருவர் வெள்ளைத் தாளில் எழுதி ‘விற்றால்’ வாங்கியவருக்கு உரிமை எதுவும் வராது. தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டுள்ளன. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. ஆகவே 7 பேர்ச்சஸ் 1,905.75 சதுர அடி. அந்த வீட்டைக் கைமாற்ற முடியுமா என்பதை அதன் பத்திரத்தில் உள்ள நிபந்தனைகளை வாசித்தே முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி. அதை வாங்க விற்பவரின் கையெழுத்து மட்டும் போதாது; பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும்.

மிச்சம் இருப்பது தனியார் உறுதிக் காணி. காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுக்குப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்து, அளவைப் படத்தை நிலத்தோடு ஒப்பிட்ட பிறகே முற்பணம் கொடுக்கலாம்.

வாங்கும் செலவு

10 பேர்ச்சஸ் உறுதிக் காணி, மூன்று அறை வீடு:

- பேசிய விலை: 8,000,000
- முத்திரைத் தீர்வை: 319,000
- நொத்தாரிசு கட்டணம், 1 சதவீதம் என வைத்தால்: 80,000
- பதிவகத் தேடல், நில அளவை: 51,000
- கூரை, வயரிங், மலசலகூடக் குழி, வர்ணம்: 450,000
- மொத்தம்: 8,900,000 ரூபா

முத்திரைத் தீர்வையில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், அதாவது 3,000. மீதி 79 இலட்சத்துக்கு 4 சதவீதம், அதாவது 316,000. இதை வாங்குபவரே கட்டுகிறார். வீட்டுக்குள் ஒருவர் குடிவருவதற்கு முன்பே விலைக்கு மேல் 9 இலட்சம் போய்விடுகிறது.

ஓர் ஆண்டின் வரவும் செலவும்

- வாடகை, 30,000 வீதம் 12 மாதம்: 360,000
- ஆள் மாறும்போது ஒரு மாதம் வெறுமை: கழிவு 30,000
- திருத்த வேலை: கழிவு 60,000
- காப்புறுதி: கழிவு 14,000
- சோலைவரி: கழிவு 6,000
- தூரத்தில் இருப்பவருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு: கழிவு 25,000
- கையில் நிற்பது: 225,000 ரூபா

89 இலட்சத்துக்கு இது 2.53 சதவீதம். அதே பணத்தை 8 சதவீத நிலையான வைப்பில் போட்டால் வட்டி 712,000. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அது போக 640,800 மிஞ்சும். வித்தியாசம் 415,800 ரூபா. வீட்டின் விலை ஆண்டுதோறும் 5.2 சதவீதம் ஏறினால்தான் இரண்டும் சமமாகும். காணி விலை ஏறும் என்று நம்பி வாங்குபவர், அந்த நம்பிக்கைக்கு வருடம் 4 இலட்சத்துக்கு மேல் கொடுக்கிறார்.

வாடகை ஏன் இதைவிடக் கூடவில்லை? தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம் லயத்தில் இருக்கிறது, வாடகைக்கு வருவதில்லை. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 25 நாள் உழைத்தவருக்கு வந்தது 33,750. அந்தக் கையால் 30,000 வாடகை கட்ட முடியாது. ஆகவே குடிவரக்கூடியவர்கள் இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர்கள், பதுளை வைத்தியசாலை ஊழியர்கள், வங்கிக்காரர்கள் போன்றோர்தான். அவர்களில் பலர் பதுளை நகருக்குள்ளேயே வீடு தேடுவார்கள்.

கடன் எடுத்தால்

40 இலட்சம் கடன், 12 சதவீத வட்டி, 15 ஆண்டு. மாதத் தவணை 48,007 ரூபா. வாடகை முழுவதையும் கொடுத்த பின்னும் மாதம் 18,007 சொந்தப் பையிலிருந்து போக வேண்டும். 180 தவணையில் கட்டுவது ஏறக்குறைய 86 இலட்சத்து 41 ஆயிரம். அதில் 46 இலட்சத்துக்கு மேல் வட்டி மட்டும். வாடகையே கடனை அடைக்கும் என்ற பேச்சு இந்த விலையில் எடுபடாது.

போடிங்கும் சுற்றுலா அறையும்

பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து மாணவர்க்கு அறை கொடுப்பது ஒரு வழி. மூன்று அறையில் ஆறு பேர், ஆளுக்கு 6,500 என்றால் மாதம் 39,000. குடும்ப வாடகையைவிட 9,000 அதிகம். விடுமுறை போக 10 மாதம் வைத்தால் 390,000. மின்சாரமும் தண்ணீரும் உரிமையாளர் தலையில். மாதம் 6,000 வீதம் 60,000 போனால் 330,000. வெறுமை மாதம் கழித்த குடும்ப வாடகையும் அதே 330,000தான். கட்டில், மேசைக்கு முதலில் 150,000 போட வேண்டும், தேய்மானமும் கூட. பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் கூட்டத்தைக் கண்டு, நாள் வாடகைக்கு அறை விடவும் ஆசை வரும். 2019 ஈஸ்டர் தாக்குதல், 2020 கொரோனா, 2022 எரிபொருள் தட்டுப்பாடு, 2025 நவம்பர் டித்வா புயல் என்று 7 ஆண்டுக்குள் 4 முறை அந்தத் தொழிலுக்கு அடி விழுந்தது. ஆசிரியர், தாதியர் சம்பளம் அந்தக் காலங்களிலும் வந்தது.

சரிவின் விலை

சரிவான காணியில் மண்ணைத் தடுக்கத் தாங்குசுவர் தேவைப்பட்டால், 40 அடி நீளம், 6 அடி உயரத்துக்கு அது 240 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 வைத்தாலும் 6 இலட்சம். அது 20 மாத வாடகை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய மாவட்டம் இது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் அறிக்கை இல்லாத வீட்டுக்கு விலை பேசக் கூடாது.

வீட்டைப் பார்க்க ஓகஸ்டில் போகாதீர்கள். கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்து அழகாகத் தெரியும். நவம்பர் மழையில் போங்கள். கதவு நிலையில் சிக்குகிறதா, பின்சுவரில் படிக்கட்டுப் போல வெடிப்பு ஏறுகிறதா, மேல்சரிவு மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, நேற்றுவரை இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, அந்தத் தண்ணீர் கலங்கலா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பத்திரமும் வரியும்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும். ஆள் எழும்ப மறுத்தால் 2023ஆம் ஆண்டு 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போக அந்தப் பத்திரம் உதவும். மூன்று மாத முற்பணம் 90,000 திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அதை வருமானத்தில் சேர்க்காதீர்கள். மின்கட்டணம் உங்கள் பெயரில் வந்தால் நிலுவையும் உங்களுடையதே. சாவி கொடுக்கும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். சோலைவரியை ஜனவரி 31க்குள் முழுதாகக் கட்டினால் 10 சதவீதம் கழிவு.

2025 ஏப்ரலிலிருந்து ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் வரை வரி இல்லை. சம்பளமே அந்த எல்லையைத் தொட்டவருக்கு, வெறுமை மாதம் இல்லாத முழு ஆண்டு வாடகையில் 25 சதவீதம் கழித்த 270,000க்கு 6 சதவீதம், அதாவது 16,200. உச்ச வீதமான 36 சதவீதத்தில் இருப்பவருக்கு 97,200.

பேரத்துக்கு ஓர் எண்

வரிக்கு முன் 225,000 கையில் தரும் வீடு 5 சதவீதமாவது தர வேண்டுமானால், எல்லாச் செலவும் சேர்த்து 45 இலட்சத்தைத் தாண்டக் கூடாது. அது 150 மாத வாடகை. நாம் பார்த்த வீடு கேட்பது 297 மாத வாடகை. அக்கம்பக்கத்தில் உண்மையில் கொடுக்கும் வாடகையை இரண்டு குடித்தனக்காரர்களிடம் விசாரித்து, 150ஆல் பெருக்கி, திருத்தமும் தீர்வையும் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள். விற்பவர் சிரிப்பார். அந்த விலைக்கு வராவிட்டால், சொந்தமாகக் குடியிருக்க நினைப்பவருக்கு அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வாடகையை நம்பி வாங்க அது ஏற்ற வீடு அல்ல.