அத்தையின் கைமுறுக்கும் அரை கிராம் சூரியனும்

போன மாசம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. வழக்கம்போல எல்லோரும் வாசலுக்கு வந்தோம். வழக்கம்போல வானத்தைப் பார்த்தோம். வழக்கம்போல கொசு அடித்தோம்.

எதிர்வீட்டு சார், கையில் விசிறியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம் மின்சாரத்தோடு குப்பை கொட்டிய ரிடையர்டு என்ஜினீயர்.

"நீங்கதான் பத்திரிகையில சயன்ஸ் எல்லாம் எழுதறீங்களே, ஒண்ணு கேக்கறேன். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப, 'இன்னும் முப்பது வருஷத்துல ஹைட்ரஜனை வெச்சே கரண்ட் எடுத்துடுவாங்க, சூரியனையே பூமிக்குக் கொண்டு வந்துடுவாங்க'ன்னு சொன்னாங்க. இப்ப என் பேத்தி காலேஜ் போறா. இன்னமும் முப்பது வருஷம்தான்கறாங்க. இது நிஜமா, டூப்பா?"

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். "ரொம்பச் சூடு சார். பதினஞ்சு கோடி டிகிரி. எந்தப் பாத்திரமும் தாங்காது."

"பாத்திரம் உருகிடும்கறீங்களா?"

"ஆமா சார்."

தப்பு. பிறகு படித்துப் பார்த்ததில், நான் உளறியிருக்கிறேன் என்று தெரிந்தது. சாருக்கு ஒரு சரியான பதில் பாக்கி இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரை.

அரை கிராம் சமாசாரம்

சூரியனின் நடுவில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாக மாறி வெப்பத்தைக் கக்குகின்றன. சூரியனுக்கு உள்ளபடியான எடையும் அழுத்தமும் நம்மிடம் இல்லை. அதனால் பூமியில் அதே வேலையைச் செய்யப் பத்து மடங்கு சூடு வேண்டும். அந்தச் சூட்டில் வாயு வாயுவாக இருக்காது. அணுவிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று, மின்சாரம் பாயும் ஒரு கூழாகிவிடும். பெயர் பிளாஸ்மா.

சூடாக்குவது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. இந்தச் சூட்டைப் பல ஆய்வுக்கூடங்களில் எட்டியாகிவிட்டது. பாத்திரம் உருகுவதும் முதல் கவலை இல்லை. பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் 'ஈட்டர்' என்கிற ராட்சத யந்திரத்தில், கல்யாண மண்டபம் அளவுக்கு இடத்தில் பரவி நிற்கப்போகும் பிளாஸ்மாவின் மொத்த எடை ஒரு கிராம்கூட இல்லை. அரை கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுவரைத் தொட்டால் கதை முடிந்தது. சுவருக்குக் காயம், பிளாஸ்மாவுக்கு மரணம். ஒரு நொடிக்குள் ஆறிப்போய் அணைந்துவிடும்.

ஆகவே எதையும் தொடாமல் அதை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். பிளாஸ்மா காந்தத்துக்குக் கட்டுப்படும் என்பதால், காந்தத்தால் கூண்டு கட்டுகிறார்கள். இங்கேதான் வில்லங்கம்.

ஒரு டம்ளர் தண்ணீர்

வீட்டில் செய்து பாருங்கள். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கெட்டி அட்டையை வைத்து, அழுத்திப் பிடித்தபடி தலைகீழாகக் கவிழ்த்து, மெல்லக் கையை எடுங்கள். தண்ணீர் விழாது. கீழேயிருந்து காற்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டம்ளர் என்ன, முப்பதடி உயரத் தண்ணீரைக்கூடத் தாங்கும் பலம் அதற்கு உண்டு.

இப்போது அட்டையை உருவுங்கள். (வேட்டியை முன்கூட்டியே மடித்துக் கட்டிக்கொள்ளவும்.) மொத்தமும் கொட்டிவிடும்.

ஏன்? காற்றின் பலம் குறையவில்லையே? பலத்தில் குறையில்லை. அட்டை இருந்தவரை தண்ணீரின் முகம் தட்டையாக இருந்தது. அட்டை போனதும் அதில் ஒரு சின்ன நெளிவு விழுகிறது. நெளிந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்க, பக்கத்து இடத்தில் காற்று கொஞ்சம் மேலே ஏற, நெளிவு இரண்டாகி, நாலாகி... தொபீர்!

தாங்குவதற்குப் பலம் இருப்பது வேறு. நெளியாமல் நிற்பது வேறு. காந்தத்துக்குப் பலம் இருக்கிறது. ஆனால் அதன் மேல் பிளாஸ்மா சாய்ந்து நிற்பது, அட்டை இல்லாத டம்ளர் தண்ணீர் மாதிரி. 1954-லேயே அமெரிக்காவில் மார்ட்டின் குரூஸ்கல், மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்ட் என்கிற இருவர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். மின்சாரம் பாயும் பிளாஸ்மாத் தூண் லேசாக ஒரு பக்கம் வளைந்தால், வளைவின் உட்பக்கம் காந்தக் கோடுகள் நெருக்கியடித்து இன்னும் வெளியே தள்ளும். வளைவு மேலும் வளைந்து, பாம்பாக நெளிந்து, சுவரில் போய் முட்டும். இதெல்லாம் லட்சத்தில் சில பங்கு நொடிக்குள்!

ஒரு பொய், ஒரு தப்பு, ஒரு நிஜம்

சார் கேட்ட 'டூப்பா?' கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறையில் டூப்பும் உண்டு.

1951 மார்ச்சில் அர்ஜென்டினா அதிபர் பெரோன், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, 'அணு இணைப்பைச் சாதித்துவிட்டோம்' என்று அறிவித்தார். ரொனால்ட் ரிக்டர் என்கிற விஞ்ஞானிக்கு ஏரி நடுவே ஒரு தீவையே கொடுத்து, பணத்தைக் கொட்டியிருந்தார். அடுத்த வருஷம் ஒரு குழு போய்ப் பார்த்தது. ஒன்றுமே இல்லை. கடை மூடப்பட்டது. ஆனால் இந்தப் பொய்யால் ஒரு நல்லது நடந்தது. செய்தியைக் கேட்ட பிரின்ஸ்டன் வானியல் பேராசிரியர் லைமன் ஸ்பிட்சர், பனிச்சறுக்கு விடுமுறையில் இதையே யோசித்து, 'ஸ்டெல்லரேட்டர்' என்கிற காந்தக் கூண்டைக் கற்பனை செய்தார்.

இரண்டாவது தப்பு. இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற ஊரில் 'ஜீட்டா' என்று ஒரு யந்திரம். பிளாஸ்மாவிலிருந்து நியூட்ரான்கள் கொட்டின. அணுக்கள் இணைந்தால்தான் அப்படிக் கொட்டும். 1958 ஜனவரியில் நிருபர்கள் கூட்டம். தலைமை விஞ்ஞானி சர் ஜான் காக்கிராஃப்ட் நோபல் பரிசு பெற்றவர். 90 சதவீதம் நிச்சயம் என்றார். மறுநாள் பேப்பர் எல்லாம் சூரியன்தான்.

மே மாதம் அவர்களே வாபஸ் வாங்கினார்கள். நியூட்ரான் நிஜம், காரணம்தான் வேறு. பிளாஸ்மா நெளிந்து துள்ளியதில் சில அணுக்கள் மட்டும் உதைபட்டுப் பறந்து மற்றதில் மோதியிருக்கின்றன. மொத்தமும் சூடானதால் வந்ததில்லை. அதாவது, எந்த நெளிவை அடக்க வேண்டுமோ அந்த நெளிவே வெற்றி வேஷம் போட்டு வந்து ஏமாற்றியிருக்கிறது! மீதிப் பத்து சதவீதம் ஜெயித்துவிட்டது.

மூன்றாவதுதான் சினிமாவுக்கேற்ற கதை. 1968-ல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் உலக விஞ்ஞானிகள் மாநாடு. மாஸ்கோ குர்ச்சடோவ் நிலையத்தின் லெவ் ஆர்ட்சிமோவிச் எழுந்து, 'எங்கள் டி-3 டோகமாக்கில் பிளாஸ்மா ஒரு கோடி டிகிரிக்குப் போகிறது, முன்பைவிட நீண்ட நேரம் நிற்கிறது' என்றார். ஜீட்டாவில் சூடுபட்ட மேல்நாட்டுக்காரர்கள் நம்பவில்லை. அளந்த முறையிலேயே கோளாறு என்றார்கள்.

ஆர்ட்சிமோவிச் கோபித்துக்கொள்ளவில்லை. 'உங்களிடம் லேசர் தெர்மாமீட்டர் இருக்கிறதாமே? நீங்களே வந்து அளந்து பாருங்கள்' என்று இங்கிலாந்துக்காரர்களைக் கூப்பிட்டார். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அணு ஆராய்ச்சி நிலையத்துக்குள் எதிர் முகாம் ஆட்களா! கல்ஹம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குழு, டன் கணக்கில் கருவிகளோடு மாஸ்கோ போய் இறங்கியது. பிளாஸ்மாவுக்குள் லேசரைச் செலுத்தி, சிதறும் ஒளியின் நிறம் எவ்வளவு விரிகிறது என்று பார்த்தால் சூடு தெரிந்துவிடும். 1969-ல் அளந்தார்கள். ஆர்ட்சிமோவிச் சொன்னது நிஜம்!

அடுத்த வருஷமே பிரின்ஸ்டன்காரர்கள் தங்கள் பெரிய ஸ்டெல்லரேட்டரைப் பிரித்து டோகமாக்காக மாற்றிவிட்டார்கள்.

முறுக்கு ரகசியம்

அப்படி என்ன வித்தை டோகமாக்கில்? எங்கள் அத்தை கல்யாணச் சீருக்குக் கைமுறுக்கு சுற்றுவாள். வெள்ளைத் துணியில், விரலால் மாவை முறுக்கிக்கொண்டே வட்டமாக வளைத்துக்கொண்டு போவாள். இரண்டு வேலை ஒரே சமயத்தில்: இழை வட்டம் சுற்றுகிறது, இழை தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது.

டோகமாக்கும் இதேதான். பிளாஸ்மா ஒரு வளையம். அதன் மேல் காந்தக் கோடுகள் முறுக்கின் வரிகள் மாதிரி சுற்றிக்கொண்டு போகும். முறுக்கே இல்லாத வெறும் வளையம் என்றால், அணுத் துகள்கள் மேலும் கீழுமாக ஒதுங்கி, கடைசியில் மொத்த பிளாஸ்மாவும் வெளிப்பக்கம் வழிந்துவிடும். முறுக்கு இருந்தால், மேலே ஒதுங்கியது கீழே வந்து சரிக்கட்டிவிடும். முறுக்கைக் கொடுப்பது பிளாஸ்மாவுக்குள்ளேயே பாயும் மின்சாரம்.

அப்போது நிறைய முறுக்கினால் என்ன? அங்கேதான் லட்சுமணன் கோடு. அத்தை ஒரு சுற்றுக்குள் எத்தனையோ முறுக்கு கொடுப்பாள். டோகமாக்கில் அது நடக்காது. வளையத்தை ஒரு சுற்று முடிப்பதற்குள் ஒரு முழு முறுக்கு விழுந்துவிட்டால் பிளாஸ்மா பாம்பாக நெளிந்துவிடும் என்று அமெரிக்காவில் குரூஸ்கலும் ரஷ்யாவில் ஷஃப்ரனோவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஒரு முறுக்குக்கு எத்தனை சுற்று என்பதுதான் இந்தத் தொழிலில் 'பாதுகாப்பு எண்'. விளிம்பில் சுமார் மூன்று இருப்பது உத்தமம். முறுக்கு கம்மியானால் கசியும், கூடினால் உடையும். அத்தை கை அளவு!

உடைந்தால்?

பயப்பட வேண்டாம், ஊருக்கு ஆபத்தில்லை. எரிபொருள் அரை கிராம்தான், நெளிந்தால் அணைந்துவிடும். ஆபத்து யந்திரத்துக்குத்தான். ஈட்டரின் பிளாஸ்மாவில் 1.5 கோடி ஆம்பியர் மின்சாரம் ஓடப்போகிறது. அது திடீரென்று அறுந்தால் அந்தச் சக்தியெல்லாம் சுவரில் இறங்கும். இங்கிலாந்தின் 'ஜெட்' டோகமாக்கில் இப்படி அறுந்தபோது நூற்றுக்கணக்கான டன் விசை பாத்திரத்தைப் பிடித்து உலுக்கியிருக்கிறது.

வைத்தியம்? அறுந்துவிடும் என்று தெரிந்ததும் உறைந்த வாயுவை ஐஸ் தோட்டாவாக்கி, அதை உடைத்துத் தூளாக உள்ளே சுட்டு, சக்தியைப் பரவலாக வெளிச்சமாக்கி விடுவது ஒன்று. அதைவிட நல்லது, அறுவதற்கு முன்பே மோப்பம் பிடிப்பது. துடைப்பக் குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துபவன், அது சாயும் பக்கம் கையை நகர்த்திக்கொண்டே இருப்பான் இல்லையா? அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. 2022-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், தானே கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் மூளை ஒன்று 19 காந்தச் சுருள்களை இயக்கி பிளாஸ்மாவைக் கேட்ட வடிவத்தில் நிறுத்திக் காட்டியது. 2024-ல் அமெரிக்காவின் சான் டியாகோ டோகமாக்கில், ஒருவகைக் கிழிசல் வரப்போவதை 0.3 விநாடி முன்னதாகவே கணித்துத் தவிர்த்தார்கள். பிளாஸ்மா உலகில் 0.3 விநாடி என்பது ஒரு யுகம்.

ஸ்பிட்சரின் ஸ்டெல்லரேட்டரும் செத்துப்போகவில்லை. ஜெர்மனியில் 2015-ல் ஒன்று பெரிதாக உயிர்பெற்றது. அதில் சுருள்களையே கோணல்மாணலாகச் செய்து முறுக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே பெரிய மின்சாரம் ஓடவேண்டியதில்லை. அதனால் அறுந்து உலுக்கும் பயமும் இல்லை. ஆனால் அந்தச் சுருள்களைச் செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

மார்க் ஷீட்

1997-ல் ஜெட் 16 மெகாவாட் எடுத்தது. சூடாக்கச் செலுத்தியது 24. வரவைவிடச் செலவு அதிகம். அதே யந்திரம் 2023-ல், மூடு விழாவுக்குச் சற்று முன்பு, 0.2 மில்லிகிராம் எரிபொருளில் 69 மெகாஜூல் எடுத்து ரெக்கார்டு செய்துவிட்டு ஓய்வு பெற்றது. நின்ற நேரத்தைப் பாருங்கள்: 2025 ஜனவரியில் சீனாவின் 'ஈஸ்ட்' 1,066 விநாடி, பிப்ரவரியில் பிரான்ஸின் 'வெஸ்ட்' 1,337 விநாடி. ஆரம்பத்தில் இமைக்கும் நேரத்துக்குள் ஓடிப்போனது, இப்போது 22 நிமிஷம் உட்கார்ந்திருக்கிறது.

நம்மவர்களும் சும்மா இல்லை. குஜராத்தின் காந்திநகரில் 1989-லேயே 'ஆதித்யா' டோகமாக் ஓடத் தொடங்கியது. ஈட்டரில் இந்தியாவும் பங்காளி. அதை மூடி நிற்கும் 3,850 டன் எஃகுக் கூஜாவின் பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் செய்து கப்பலில் போனவை. ஆனால் 2024-ல் வெளியிட்ட கால அட்டவணைப்படி அங்கே ஆராய்ச்சி தொடங்க 2034. முழு எரிபொருளோடு ஓட 2039.

இதையெல்லாம் சாரிடம் போய் ஒப்பித்தேன். டம்ளர் வித்தையையும் செய்து காட்டினேன். அட்டையை உருவியதும் அவர் வேட்டி நனைந்தது. கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, இத்தனை வருஷமா அவங்க தேடறது இந்த அட்டையைத்தானா?"

"அதேதான் சார்."

"டூப் இல்லை. சரி, ஒப்புத்துக்கறேன். ஆனா 2039 வரைக்கும் நான் நிக்கணுமே? எனக்கு ஏது அட்டை?"

பேத்தி உள்ளேயிருந்து வந்து வேறு வேட்டியை நீட்டினாள். "நான் பார்த்துட்டு வந்து சொல்றேன் தாத்தா" என்றாள்.