ஃபோல்டர் மாத்தினேன், படமெல்லாம் காணோம்

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா யாருக்காவது வெப்சைட் பண்ணிக் குடுத்துட்டு, "நீயே பாத்துக்கோப்பா"ன்னு மாட்டிக்கிட்ட எல்லாருக்கும் இது ஒருநாள் தேவைப்படும்.

ஒரு கேக் கடைக்கு வேர்ட்பிரஸ்ல சைட் பண்ணியிருந்தேன். வேர்ட்பிரஸ் வழக்கமா ஃபைல்களை எப்படி அடுக்கும்னா, அப்லோட்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள வருஷம், அதுக்குள்ள மாசம். கல்யாண கேக் போட்டோ, விலைப்பட்டியல் பிடிஎஃப், கடை லோகோ எல்லாத்தையும் ஒரே மாசத்துல ஏத்தினா ஒரே இடத்துலதான் கிடக்கும். எனக்குக் கண்ணை உறுத்துச்சு. ஒருநாள் ராத்திரி எஃப்டிபி வழியா சர்வருக்குள்ள போய், கல்யாணம், பிறந்தநாள், விலைன்னு ஃபோல்டர் போட்டு, எல்லாத்தையும் அழகா பிரிச்சு வெச்சுட்டுத் தூங்கிட்டேன்.

காலையில கடைக்கார அக்கா போன். "தம்பி, சைட்ல ஒரு படம்கூட வரலப்பா, வெறும் கட்டம் கட்டமா இருக்கு." அதைவிட மோசம், கஸ்டமர்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்த விலைப்பட்டியல் லிங்க்கும் செத்துப்போச்சு. நல்லவேளை, பழைய பேக்கப் இருந்துச்சு.

என்ன தப்பு பண்ணேன்? வெப்சைட்ல ஒரு ஃபைல் இருக்கிற பாதைதான் அதோட முகவரி. '2023/05' அப்படிங்கிற பாதையை வேர்ட்பிரஸ் தன்னோட டேட்டாபேஸ்ல எழுதி வெச்சிருக்கும். நம்ம எழுதின பக்கங்களுக்குள்ளயும் முழு முகவரியும் பதிஞ்சிருக்கும். நான் ஃபைலை நகர்த்தினது இவங்க யாருக்கும் தெரியாது.

இதுக்கு வழிதான் விர்ச்சுவல் ஃபோல்டர். ஒருத்தர் பத்து வாட்ஸ்அப் குரூப்ல இருக்கலாம், அதுக்காக அவர் வீடு மாறுறதில்லையே. அதேதான் இங்கயும். ஃபைல் இருந்த இடத்துலயே இருக்கும், எந்தக் குரூப்ல இருக்குங்கிறதை மட்டும் டேட்டாபேஸ் சொல்லும்.

உள்ள ரெண்டே டேபிள் போதும். முதல் டேபிள்ல ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வரி: அதோட எண், பெயர், அதுக்கு மேல இருக்கிற தாய் ஃபோல்டரோட எண். ரெண்டாவது டேபிள்ல எந்த ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு ஜோடி ஜோடியா எண்கள். அவ்வளவுதான். 'கல்யாணம்' ஃபோல்டருக்குள்ள 800 போட்டோ இருந்தாலும், அதை இன்னொரு ஃபோல்டருக்குக் கீழ கொண்டுபோக ஒரே ஒரு வரியில தாய் எண்ணை மாத்தினா போதும். ஒரு முகவரியும் உடையாது. ஒரே போட்டோவைக் கல்யாணத்துலயும் வெக்கலாம், 'விளம்பரம்'லயும் வெக்கலாம், காப்பி எடுக்கவே வேணாம். வேர்ட்பிரஸ்ல இதுக்கு ப்ளகின்கள் இருக்கு. சிலது வேர்ட்பிரஸோட சொந்த வகைப்பாட்டு டேபிள்கள்லயே எழுதும், சிலது தனியா டேபிள் போட்டுக்கும்.

நீங்களே கோட் எழுதுறீங்கன்னா ஒன்னு கவனிங்க. ஒரு ஃபோல்டரைத் தன் குழந்தைக்குள்ளயே போட யாராவது முயற்சி பண்ணுவாங்க. அதைத் தடுக்கலன்னா, மேல ஏறிப் போற கோட் சுத்திச் சுத்தி முடியவே முடியாது. ஃபோல்டரை அழிச்சா ஃபைலும் அழியுமா, இல்ல வெளிய வந்து நிக்குமாங்கிறதையும் முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. என் ஓட்டு வெளிய வந்து நிக்கிறதுக்குத்தான்.

அப்புறம் பேக்கப். ஃபைலை மட்டும் காப்பி பண்ணி வெச்சா, உங்க அடுக்கு மொத்தமும் போச்சு, ஏன்னா அது ஃபைல்கள்ல இல்ல, டேட்டாபேஸ்ல இருக்கு. ரெண்டையும் சேர்த்து எடுங்க.

கடைசியா ஒன்னு, நிறையப் பேர் ஏமாறுறது இங்கதான். அந்த அக்கா வேலைக்குச் சேர்ந்தவங்களோட ஆதார் காப்பியை சைட்ல ஏத்தி, 'பிரைவேட்'னு ஒரு விர்ச்சுவல் ஃபோல்டர்ல வெச்சிருந்தாங்க. பெயர்தான் பிரைவேட். முகவரி தெரிஞ்ச யாரும் லாகின் இல்லாமலே திறந்து பாத்திருக்கலாம், ஏன்னா ஃபைல் நகரவே இல்லையே, பழைய பொது இடத்துலதான் கிடந்துச்சு. அதையெல்லாம் அன்னைக்கே அழிச்சோம். அப்படிப்பட்ட ஃபைலை வெப்சைட்ல ஏத்தாம இருக்கிறதே நல்லது. ஏத்தியே ஆகணும்னா, வெளியில இருந்து நேரா எட்ட முடியாத இடத்துல வெச்சு, லாகினைச் சரிபார்த்த பிறகு கோட் எடுத்துக் குடுக்கிற மாதிரி செய்யுங்க.