பத்தாம் வகுப்பு உயிரியல்: புத்தகத்தை மூடி ஒப்புவிப்போம்



பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் டியூஷன் வைக்கும் வீடுகளில்கூட உயிரியலை மட்டும் "அது படித்தால் வந்துவிடும்" என்று விட்டுவிடுகிறோம். மாலை வகுப்பில் நாங்கள் நடத்தும் மாதிரித் தேர்வுத் தாள்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பாடத்தை ஐந்து தடவை வாசித்த பிள்ளை, விடையின் முதல் வரியை அழகாக எழுதிவிட்டு அதோடு நின்றுவிடுகிறது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. புத்தகம் கையில் இல்லாதபோது ஒன்றும் வரவில்லை. சோம்பேறிப் பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி நடப்பதில்லை, உழைக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. ஆகவே திருப்புதல் செய்யும் முறையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மதிப்பெண் கணக்கு. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. தேர்ச்சி பெற எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 வேண்டும். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12. இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, நான்கு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு எழுத வேண்டும். இரண்டிலும் ஒவ்வொரு வினா கட்டாயம். கடைசியில் ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்று. புத்தகத்தில் உள்ள 23 அலகுகளில் 12 முதல் 22 வரையிலான 11 அலகுகள் உயிரியல். ஏறக்குறையப் பாதிப் புத்தகம் அது. இயற்பியல் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கும் இந்தப் பாதி கைக்கு எட்டும்.

இனி முறைக்கு வருவோம். நம் மதரஸாக்களில் ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகள் எப்படிப் பாடம் செய்கிறார்கள் என்பதைப் பார்த்திருப்பீர்கள். புதுப் பாடம் ஸபக். அதை உஸ்தாத் முன் அமர்ந்து முஸ்ஹஃபைப் பார்க்காமல் ஒப்புவிக்க வேண்டும். உஸ்தாத் கேட்டுக்கொண்டே இருப்பார். பிசகும் இடத்தில் நிறுத்துவார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பழைய பாடங்களை நாள்தோறும் முறைவைத்துத் திருப்பி ஓதும் தவ்ர் உண்டு. தவ்ரை விட்ட பிள்ளைக்கு ஓதிய ஜுஸ்வுகள் நழுவிவிடும் என்பது எல்லா உஸ்தாதுகளும் அறிந்த விஷயம். பாராமல் சொல்வது, ஒருவர் கேட்பது, பழையதைத் திரும்பத் திரும்ப எடுப்பது ஆகிய மூன்றும் உயிரியலுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. குர்ஆனில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. உயிரியலில் சொந்த நடையில் சொல்லலாம். கலைச்சொல்லும் வரிசையும் மட்டும் மாறக்கூடாது.

கேட்பவர் அறிவியல் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட உம்மாவும் கேட்கலாம். புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, தடித்த எழுத்தில் உள்ள சொற்களைப் பிள்ளை சொல்கிறதா என்று பார்த்தால் போதும். சொல்லாத சொல்லின் அருகில் பென்சிலால் ஒரு புள்ளி. மறுநாள் அந்தப் புள்ளிகளை மட்டும் கேட்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் வாப்பாவும் இரவில் போனில் பத்து நிமிடம் கேட்கலாம். "சாப்பிட்டியா, படிச்சியா" என்று விசாரிக்கும் நேரத்தில் "இதயத்தைச் சொல்லு" என்று கேட்கட்டும்.

இதயத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைத்தாளில் படத்தை வரைந்து, இரத்தத்தின் வழியை விரலால் காட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். உடலிலிருந்து வரும் ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது ஏட்ரியத்துக்கு வருகிறது. மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிளுக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்கு. ஆக்ஸிஜன் பெற்ற இரத்தம் நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஏட்ரியத்துக்குத் திரும்புகிறது. ஈரிதழ் வால்வைத் தாண்டி இடது வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து மகா தமனி வழியாக உடல் முழுதும். ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது ஒரே இடத்தில்தான். தமனி என்றாலே நல்ல இரத்தம், சிரை என்றாலே அசுத்த இரத்தம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை என்று நினைவில் வைத்தால், நுரையீரல் தமனியில் ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் ஓடுவது ஏன் என்பது தானே விளங்கும். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிப்பாக இருக்கிறது என்பதற்கும் விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது. அதுதான் உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டும். வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலுள்ள நுரையீரல் வரை தள்ளினால் போதும்.

இதே அலகில் இரத்த வகைகள் வருகின்றன. வீட்டில் உள்ளவர்களின் இரத்த வகையை ஒரு தாளில் எழுதி, யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளையே கோடு போட்டுப் பார்க்கட்டும். ஏ வகையில் ஏ ஆன்டிஜெனும் பி-க்கு எதிரான ஆன்டிபாடியும் இருக்கும். ஓ வகையில் இரண்டு ஆன்டிஜெனும் இல்லை, இரண்டு ஆன்டிபாடியும் உண்டு. ஏபி வகையில் இது தலைகீழ்.

இரட்டைகளாக வரும் பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. சூரியகாந்தி போன்ற இருவித்திலைத் தாவரத் தண்டில் வாஸ்குலார் கற்றைகள் வளையமாக இருக்கும். மக்காச்சோளம் போன்ற ஒருவித்திலைத் தண்டில் சிதறிக் கிடக்கும். இரண்டு வட்டங்கள் வரைந்தால் பாதி விடை முடிந்தது. ஒளிச்சேர்க்கையில் ஒளிவினை கிரானாவில், இருள்வினை ஸ்ட்ரோமாவில். சுவாசித்தலில் கிளைக்காலிசிஸ் சைட்டோபிளாசத்தில், கிரெப் சுழற்சி மைட்டோகாண்ட்ரியாவின் உட்கூழ்மத்தில்.

சர்க்கரை நோய் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. அதனாலோ என்னவோ, டயாபடீஸ் மெலிடஸும் டயாபடீஸ் இன்சிபிடஸும் ஒன்றென்று எழுதிவிடுகிறார்கள். முதலாவது கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின் சம்பந்தப்பட்டது; இரத்தத்தில் சர்க்கரை கூடும். இரண்டாவதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. பிட்யூட்டரியின் பின்கதுப்பிலிருந்து வரும் ஏடிஹெச் குறைவதால் சிறுநீர் மிக அதிகமாகப் போகும். இன்சுலின் 16ஆம் அலகிலும் நீரிழிவு நோய் 21ஆம் அலகிலும் வருவதால், இரண்டையும் ஒரே நாளில் ஒப்புவிக்கச் சொல்லுங்கள்.

மரபியலில் மெண்டலின் கட்டங்கள் போட்டுப் பழகினால் மறக்காது. ஒரு பண்புக் கலப்பில் புறத்தோற்றம் 3:1, ஜீனாக்கம் 1:2:1. இருபண்புக் கலப்பில் 9:3:3:1. கூட்டினால் 16 வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு.

அதே அலகில் குழந்தையின் பால் நிர்ணயம் வருகிறது. இதை ஒப்புவிக்கும்போது வீட்டில் பெரியவர்களும் பக்கத்தில் இருந்தால் நல்லது. மனிதரின் 23 ஜோடி குரோமோசோம்களில் ஒரு ஜோடி பால் குரோமோசோம். பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். தாயின் அண்டத்தில் எப்போதும் எக்ஸ்தான் இருக்கும். தந்தையின் விந்தணுவில் எக்ஸ் இருக்கலாம், ஒய் இருக்கலாம். எக்ஸ் உள்ள விந்தணு சேர்ந்தால் பெண், ஒய் உள்ளது சேர்ந்தால் ஆண். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு மருமகளைக் குத்திப் பேசிய பஞ்சாயத்துகள் நம் அறக்கட்டளை வரை வந்திருக்கின்றன. ஆணோ பெண்ணோ கொடுப்பவன் அல்லாஹ் என்று நம்புகிற நாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை அறிந்ததையாவது அறிந்திருக்க வேண்டாமா?

இப்போது 17ஆம் அலகு, இனப்பெருக்கம். எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மாதிரித் தேர்வில் இந்த அலகிலிருந்து வரும் வினாக்களைப் பெண் பிள்ளைகளில் பலர் தொடுவதே இல்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஒரு வீட்டில் உம்மாவே அந்தப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தார். பிள்ளையைக் காக்கும் எண்ணத்தில்தான் செய்தார், சந்தேகமில்லை. ஆனால் அந்த அலகில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூவின் மகரந்தச் சேர்க்கை, இரட்டைக் கருவுறுதல், மாதவிடாய்ச் சுழற்சி, கரு வளர்ச்சி, சுத்தம். சுமார் 28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 14ஆம் நாள் அண்டம் விடுபடுகிறது. கருவுறாவிட்டால் புரோஜெஸ்டிரான் குறைந்து கருப்பையின் உட்சுவர் உதிர்கிறது. இதைத் தெரியாமல் வளரும் பெண், தன் உடம்பில் மாதந்தோறும் நடப்பதை அச்சத்தோடுதான் பார்ப்பாள்.

மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்களுக்குத் தெரியும்: தஹாரத் பாடத்தில் ஹைளு, நிஃபாஸ் சட்டங்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லித்தரப்படுகின்றன. எத்தனை நாள், எப்போது தொழுகை இல்லை, எப்போது குளிப்பு கடமை என்றெல்லாம் உஸ்தாது சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள அன்சாரிப் பெண்களுக்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததும் நாம் அறிந்ததே. நாணம் ஈமானில் ஒரு பகுதி. பாடத்தைப் படிப்பது அதற்கு முரணல்ல. வாப்பா முன்னோ காக்கா முன்னோ இந்த அலகை ஒப்புவிக்கச் சொல்ல வேண்டாம். உம்மாவோ ராத்தாவோ கதவைச் சாத்திக்கொண்டு கேட்கட்டும். ஆண் பிள்ளைக்குப் படித்த காக்காவோ மாமாவோ கேட்கட்டும். கேட்க யாரும் இல்லையென்றால் பிள்ளை பார்க்காமல் எழுதிப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளலாம்.

19ஆம் அலகான பரிணாமத்தையும் சிலர் வேறு காரணத்துக்காக விடச் சொல்கிறார்கள். லாமார்க் என்ன சொன்னார், டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் இயற்கைத் தேர்வு பற்றி என்ன சொன்னார், அமைப்பொத்த உறுப்புக்கும் செயலொத்த உறுப்புக்கும் என்ன வேறுபாடு என்பதையெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி படித்து எழுத வேண்டும். மனதில் கேள்வி எழுந்தால் பள்ளி ஆசிரியரிடமும் நம் ஹஜ்ரத்திடமும் கேட்கலாம். படிக்காமல் விட்டால் கேள்வி கேட்கவும் தெரியாது.

நேரம் எப்படி ஒதுக்குவது? ரமலானும் தேர்வுக் காலமும் நெருங்கி வரும் ஆண்டுகள் இவை. தராவீஹ் முடிந்து நள்ளிரவு வரை விழித்து, சஹரில் எழுந்து, பள்ளியில் தூங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். தராவீஹுக்குப் பின் தூங்கிவிட்டு, சஹர் முடித்து பஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் புது அலகை எடுப்பது நல்லது. மாலையில் அஸருக்குப் பின் பழைய அலகுக்கு அரை மணி நேரம், படம் வரைவதற்கு மட்டும். இஃப்தாருக்குக் கஞ்சி காய்ச்சும் உம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்கலாம். பதினோரு அலகுகளையும் இப்படி ஒரு சுற்று முடித்தால், இரண்டாம் சுற்று பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் அறக்கட்டளை மாடியில் உயிரியல் ஒப்புவித்தல் வகுப்பு நடக்கிறது. 17ஆம் அலகுக்குப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஞாயிறு காலையில் தனியாக நடத்துகிறார். உம்மாமார்களும் உடன் வந்து அமரலாம். பழைய வினாத்தாள்களும் வரைதாள்களும் அலுவலகத்தில் இஷாவுக்குப் பின் இலவசமாகக் கிடைக்கும். சென்ற ஆண்டு புத்தகம் வாங்கிச் சென்றவர்கள், கிழியாமல் இருந்தால் தயவுசெய்து திருப்பித் தந்து உதவுங்கள்; எட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.