சுடோகு தீர்க்கும் கணினி நிரலால் என்ன பயன்? சிப் முதல் ரயில் சிக்னல் வரை ஒரு பார்வை

புதுடெல்லி: நாளிதழில் வெளியாகும் சுடோகு கட்டத்தைப் பென்சிலும் அழிப்பானும் கொண்டு நிரப்ப ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகலாம். கணினி நிரல் அதனைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. பொழுதுபோக்குப் புதிரை இயந்திரம் தீர்ப்பதால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால், அதே வகை நிரல்கள்தான் இன்று கணினி சிப்களின் வடிவமைப்பையும், ரயில் நிலைய சிக்னல் அமைப்புகளையும் சோதித்துப் பார்க்கின்றன. அவற்றின் வளர்ச்சியில் டெல்லி ஐஐடியின் முன்னாள் மாணவர் ஒருவருக்கும் முக்கியப் பங்கு உண்டு.

ஆம் அல்லது இல்லை

சுடோகுவில் 81 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 9 எண்களில் ஒன்று இடம்பெற வேண்டும். "முதல் கட்டத்தில் 5 உள்ளதா?" என்பது போன்று மொத்தம் 729 கேள்விகளாக இதனைப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் விடை ஆம் அல்லது இல்லை. ஒரே வரிசையில் ஓர் எண் இருமுறை வரக்கூடாது என்பது போன்ற விதிகள் யாவும் சிறு சிறு நிபந்தனைகளாக எழுதப்படுகின்றன. எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் விடைத் தொகுப்பு உண்டா என்று தேடுவதே நிரலின் வேலை. இத்தகைய நிரலைத் துறையினர் 'சாட் சால்வர்' என அழைக்கின்றனர்.

இந்த நிரலுக்குச் சுடோகு என்றால் என்னவென்றே தெரியாது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. அது அறிந்தவை நிபந்தனைகள் மட்டுமே. எனவே, நிபந்தனைகளாக எழுத முடிகிற எந்தச் சிக்கலையும் அதனிடம் ஒப்படைக்கலாம். மிகப் பெரும் எண்ணிக்கையிலான சிக்கல்களை இவ்வடிவத்துக்கு மாற்ற முடியும் என்பதைக் கணினி அறிவியலாளர் ஸ்டீபன் குக் 1971-ல் நிறுவினார்.

ஒவ்வொரு வாய்ப்பாகச் சோதிப்பது நடவாத காரியம். முழுமையாக நிரப்பப்பட்ட சுடோகு கட்டங்களின் எண்ணிக்கையே 22 இலக்கங்களைக் கொண்டது. ஆகவே, ஒரு கேள்விக்கு விடையை அனுமானித்து, அதன் விளைவுகளைத் தொடர்ந்து சென்று, முரண்பாடு வந்தால் பின்வாங்கும் முறை 1962-ல் உருவானது. முரண்பாட்டின் காரணத்தைப் புதிய நிபந்தனையாகக் குறித்துக்கொண்டு, அதே தவற்றை மீண்டும் செய்யாதிருக்கும் உத்தியை 1996-ல் வெளிவந்த 'கிராஸ்ப்' நிரல் வலுவாக நிலைநாட்டியது.

டெல்லி ஐஐடி மாணவரின் 'பதர்'

டெல்லி ஐஐடியில் 1985-ல் பட்டம் பெற்ற ஷரத் மாலிக், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் மேலும் நான்கு ஆய்வாளர்களும் இணைந்து 2001-ல் வெளியிட்ட நிரலின் பெயர் 'சாஃப்'. தமிழில் பதர் என்று பொருள். நிரல் தன் நேரத்தின் பெரும்பகுதியை நிபந்தனைகளைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பதிலேயே செலவிடுகிறது என்பதை இக்குழு கவனித்தது. ஒரு நிபந்தனையில் 50 உறுப்புகள் இருந்தாலும் இரண்டை மட்டும் கண்காணித்தால் போதும்; அவ்விரண்டில் ஒன்று பொய்யாகும் வரை அந்த நிபந்தனையைத் தொடவே தேவையில்லை. கேட்பதற்குக் கணக்கப்பிள்ளையின் சிக்கனம் போலத் தோன்றும் இந்த மாற்றமும், அடுத்து எந்தக் கேள்வியை எடுப்பது என்பதற்கான எளிய விதியும் சேர்ந்து, கடினமான புதிர்களில் வேகத்தை 10 முதல் 100 மடங்கு வரை உயர்த்தின. கிராஸ்ப், சாஃப் ஆகிய இரு நிரல்களையும் உருவாக்கியவர்களுக்கு 2009-ல் கணினிவழிச் சரிபார்ப்புத் துறையின் 'சிஏவி' விருது வழங்கப்பட்டது.

விடை இல்லை என்பதே நல்ல செய்தி

இரண்டு 64-பிட் எண்களைக் கூட்டும் சுற்றினைச் சோதிக்க எல்லா இணைகளையும் கொடுத்துப் பார்ப்பதென்றால், அவற்றின் எண்ணிக்கை 39 இலக்கங்களைத் தொடும். சில மாதிரிகளை மட்டும் சோதித்தால் பிழை தப்பிவிடலாம். 1994-ல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளைத் தவறாகப் போட்டது தெரியவந்தது. உள்ளே இருந்த அட்டவணையில் சில பதிவுகள் விடுபட்டிருந்ததே காரணம். சிப்களை மாற்றித் தரும் செலவுக்காக அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

இங்கேதான் புதிர் தீர்க்கும் நிரல் வேறு விதமாகப் பயன்படுகிறது. "இந்தச் சுற்று தவறான விடை தரும்படியான ஏதேனும் ஓர் உள்ளீடு உண்டா?" என்பதே அதற்கு வைக்கப்படும் புதிர். விடை கிடைத்தால் பிழை கையும் களவுமாகப் பிடிபட்டது என்று பொருள். விடையே இல்லை என்று நிரல் நிறுவிவிட்டால் பொறியாளர்கள் நிம்மதி அடைகிறார்கள். நாளிதழ்ப் புதிருக்கு விடை இல்லாவிட்டால் அது அச்சுப்பிழை. சிப் வடிவமைப்புக் கூடத்திலோ அதுவே எதிர்பார்க்கப்படும் முடிவு.

ரயில் நிலையங்களின் இன்டர்லாக்கிங் அமைப்பும் இத்தகைய புதிரே. ஒரு பாதைக்குப் பச்சை விளக்கு எரிய வேண்டுமானால், அப்பாதையின் பாயிண்ட்கள் அனைத்தும் சரியான பக்கம் திரும்பிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். குறுக்கிடும் பாதைகள் எல்லாம் சிவப்பில் நிற்க வேண்டும். பெரிய நிலையத்தில் இத்தகைய பாதைகள் நூற்றுக்கணக்கில் வரும். "மோதக்கூடிய இரு பாதைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழும் நிலை உண்டா?" என்ற கேள்வியை நிரலிடம் கேட்டு, ஒரு வாய்ப்பும் விடுபடாமல் சோதிக்க முடியும். பாரிஸில் 1998-ல் தொடங்கிய ஓட்டுநரில்லா 14-ஆம் எண் மெட்ரோ தடத்தின் பாதுகாப்பு மென்பொருள், கணித நிரூபண முறையில் உருவாக்கப்பட்டது. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்திலும் 2020 டிசம்பர் 28 முதல் ஓட்டுநரில்லா ரயில்கள் இயங்கி வருகின்றன.

வரைபடமும் வயரும்

ஆனால், நிரல் சோதிப்பது தன்னிடம் எழுதித் தரப்பட்டதை மட்டுமே. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பகாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பிரதான பாதைக்கான பச்சை சிக்னல் கிடைத்திருந்தது. பாயிண்டோ லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. அங்கு நின்ற சரக்கு ரயிலில் எக்ஸ்பிரஸ் மோதிய இவ்விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நிலையத்தில் மின்னணு இன்டர்லாக்கிங் இருந்தது. சிக்னல் சுற்றில் முன்பு செய்யப்பட்ட மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட்டின் மின் தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைபாடுகளே காரணம் என ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் தெரியவந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நிரலிடம் தரப்படுவது சுற்றின் வரைபடம். பெட்டிக்குள் எந்த வயர் எந்த முனையில் இணைக்கப்பட்டுள்ளது என்பதை, பணி முடிந்த ஒவ்வொரு முறையும் ஊழியர்கள்தான் நேரில் சரிபார்க்க வேண்டியுள்ளது.